ஒரே பெயரில் நாலு பேர்: பழைய ஆட்களைக் கலக்காமல் எழுதுவது எப்படி

நினைவு மலர், ஊர் வரலாறு, விக்கிப்பீடியா கட்டுரை, யூடியூப் வீடியோ, எதுவாக இருந்தாலும் சரி, பழைய காலத்து மனிதர் ஒருவரைப் பற்றி முதன்முறையாக எழுத உட்காருகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். ஒரு மலருக்கு வந்த கட்டுரைகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று ஒருவர். வந்த குறிப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், 1815இல் பிறந்த அந்த மனிதர் உ.வே.சாமிநாதையருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, தலபுராணங்களாகப் பாடித் தள்ளி, நடுவில் தவிலும் வாசித்து, கடைசியில் 1930களில் ருக்மிணி தேவிக்குப் பரதநாட்டியமும் கற்றுக்கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு 115 வயது தாண்டியிருக்க வேண்டும்!

உண்மையில் அவர்கள் மூன்று பேர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), உ.வே.சா.வின் ஆசிரியர். பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசிரியர்களான சகோதரர்களின் வழிவந்த நட்டுவனார், அதாவது பரதநாட்டிய ஆசிரியர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), தவில் வித்வான். இவர்களோடு தெ.பொ.மீ. என்கிற தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரையும் (1901–1980) சேர்த்தால் நாலு. ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. இவர்களைப் பிரித்தெடுக்க நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. ஆளுக்கு ஒரு சீட்டு, சேர்ப்பது கடைசியில்

நோட்டுப் புத்தகம் வேண்டாம், தனித்தனி அட்டையோ கணினியில் விரிதாளோ வைத்துக்கொள்ளுங்கள். எங்கே அந்தப் பெயரைப் பார்த்தாலும் அது புது ஆள் என்றே எண்ணிப் புதுச் சீட்டு போடுங்கள். பெயர், தலைப்பெழுத்து, ஊர், தகப்பனார், ஆசிரியர், தொழில், ஆண்டு, எந்த நூலில் எந்தப் பக்கம், அவ்வளவுதான். ஒரே மீனாட்சிசுந்தரத்துக்கு இருபது சீட்டு வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

இரண்டு சீட்டை ஒன்றாக்க என் விதி இது: பெயரை விட்டுவிட்டு மற்றவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும், ஒன்றுகூட முரண்படக் கூடாது. பெயர் பொருந்துவது கணக்கிலேயே வராது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அதாவது ஒரே ஆள் என்று தொடங்கிவிட்டு, இடிக்கிற ஆண்டை மட்டும் "அச்சுப் பிழையாக இருக்கும்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இடிக்கிற ஆண்டுதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். அதை ஒதுக்கினால் அப்புறம் மீட்கவே முடியாது, ஏனென்றால் கலந்த சீட்டைத் திரும்பப் பிரிப்பது சேர்ப்பதைவிடப் பல மடங்கு வேலை.

2. தலைப்பெழுத்து, ஊர், பட்டம்: எதை எவ்வளவு நம்பலாம்

தலைப்பெழுத்து நல்ல சாட்சி. யாழ்ப்பாணத்தில் கதிரைவேற்பிள்ளை என்ற பெயரில் இருவர் இருந்தார்கள், இருவரும் அகராதி செய்தவர்கள், இறந்ததும் மூன்று ஆண்டு இடைவெளியில். கு.கதிரைவேற்பிள்ளை 1904இல் மறைந்தார், அவருடைய அகராதியை அதற்குப் பிறகு மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. நா.கதிரைவேற்பிள்ளை மேலைப்புலோலிக்காரர், சென்னையில் ஆசிரியராக இருந்தவர், திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்தவர், வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று நடந்த வழக்கில் அடிபட்ட பெயர் இவருடையது, 1907இல் மறைந்தார். "யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை அகராதி" என்று மட்டும் குறித்து வைத்தீர்களானால் அந்தக் குறிப்பால் ஒரு பயனும் இல்லை. அந்த ஒற்றை எழுத்துதான் இங்கே எல்லாம்.

ஆனால் தலைப்பெழுத்தும் ஏமாற்றும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வீடுகளில் ரா.சுப்பிரமணியனின் மகன் சு.ராமசாமி, அவர் மகன் மறுபடியும் ரா.சுப்பிரமணியன். பெயரும் எழுத்தும் ஊரும் தெருவும்கூட ஒன்றாக இருக்கும், ஐம்பது அறுபது ஆண்டுகள்தான் தள்ளி நிற்கும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் இரண்டு பேரையும் கலந்தேதான் சொல்வார்கள். எனவே நன்கொடைக் கல்வெட்டு, பத்திரம், பள்ளிக்கூடம் தொடங்கிய தகவல் எதுவானாலும் ஆண்டு இல்லாமல் சீட்டில் ஏற்றாதீர்கள்.

பிள்ளை, முதலியார், ஐயர் போன்ற பட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நம் மூன்று மீனாட்சிசுந்தரங்களுக்கும் பிள்ளைப் பட்டம்தான், ஆனால் ஒருவர் சைவ வேளாளர், மற்ற இருவர் இசை மரபுக் குடும்பத்தினர். பிற்கால அச்சில் பட்டம் உதிர்ந்தும் போகும்.

ஊர்ப் பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது, மாவட்டம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. நீடாமங்கலம் இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம், பந்தணைநல்லூர் தஞ்சாவூர் மாவட்டம், மகாவித்துவான் நெடுநாள் வாழ்ந்த மாயூரமும் திருவாவடுதுறையும் மயிலாடுதுறை மாவட்டம். பழைய ஆவணத்தில் "தஞ்சாவூர் ஜில்லா மீனாட்சிசுந்தரம் பிள்ளை" என்றிருந்தால் மூவரில் யாராகவும் இருக்கலாம். மாவட்டத்தை விடுங்கள், கிராமத்தைப் பிடியுங்கள்.

3. ஒரு பெயரைப் பத்து விதமாகத் தேடுங்கள்

மீனாட்சி, மீனாக்ஷி, மீனாட்சி சுந்தரம் என்று இடம்விட்டு ஒன்று, சுந்தரனார் என்று ஒன்று. இராம, ராம. சுப்பிரமணிய, சுப்ரமண்ய. கதிரைவேற்பிள்ளை, கதிரவேலுப் பிள்ளை. தேடுபொறிக்கு இவையெல்லாம் வேறு வேறு ஆட்கள். ஆங்கில ஆவணங்களில் இன்னும் மோசம். கதிரைவேல் கே எழுத்திலும் தொடங்கும், சி எழுத்திலும் தொடங்கும். திருச்சியை ட்ரிச்சினாப்பள்ளி என்றும் தஞ்சாவூரை டேஞ்சூர் என்றும் போட்டால்தான் பழைய ஆங்கில நூல்களில் எதுவும் சிக்கும்.

பெயரையே மாற்றிக்கொண்டவர்களையும் பாருங்கள். மறைமலை அடிகள் முதலில் சுவாமி வேதாசலம், பரிதிமாற் கலைஞர் வி.கோ.சூரியநாராயண சாஸ்திரி. இங்கே சிக்கல் நேர்மாறானது, இரண்டு பெயரில் ஒரே ஆள்.

இந்த வேலையை ஒரே மாலையில் முடித்துவிடலாம், செலவும் இல்லை. வடிவங்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்குப் போகும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால் பாதித் தேடல் வீண்.

4. ஆண்டை மாற்றும்போது நிதானம்

இதில்தான் மிக அதிகமானவர்கள் விழுகிறார்கள். மகாவித்துவான் பிறந்தது பவ வருஷம் பங்குனி மாதம். பவ என்ற பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1814–15, 1874–75, 1934–35. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் அட்டவணையைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் பவ வருஷத்தை எடுத்தீர்களானால் 1875 என்று வரும். அது கிட்டத்தட்ட பந்தணைநல்லூர்க்காரரின் வயது! அப்புறம் இருவரும் ஒருவராகிவிடத் தடையே இல்லை. மகாவித்துவான் இறந்ததே யுவ வருஷம் தை மாதம், அதாவது 1876 பிப்ரவரி.

சரியான சுற்றைப் பிடித்த பிறகும் ஒரு படி இருக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் மார்கழியின் பிற்பகுதி, தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். பவ தொடங்கியது 1814இல், ஆனால் பங்குனிக் குழந்தை 1815இல் பிறந்தது. மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறும் என்பதால் மார்கழித் தேதி வந்தால் பஞ்சாங்க மாற்றியில் போட்டே பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

மற்ற கணக்குகள் சுருக்கமாக: சக ஆண்டோடு 78ஐயும், கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825ஐயும், பசலியோடு 590ஐயும் கூட்டுங்கள். கொல்லம் ஆண்டு நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணங்களில் வரும், ஆவணியில் தொடங்கும். பசலி வருவாய்க் கணக்குகளில் வரும், ஜூலையில் தொடங்கும். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31 கழியுங்கள். சீட்டில் மாற்றிய ஆண்டை மட்டும் எழுதாமல் மூலத்தில் இருந்ததையும் அப்படியே எழுதுங்கள், பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வேறு வழி இல்லை.

5. எந்த ஆவணம், எங்கே, என்ன செலவு

முதலில் காசில்லாமல் முடிகிற வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், இலங்கை ஆளாக இருந்தால் நூலகம் நிறுவனத்தின் தளம், இந்த மூன்றிலும் பழைய அச்சு நூல்கள் படமாகவே கிடைக்கும். படமாக இருப்பதுதான் முக்கியம். தட்டச்சு செய்து போட்ட பதிப்பில் முகப்புப் பக்கம் பெரும்பாலும் இருக்காது, நமக்கு வேண்டியதோ அந்த முகப்புப் பக்கம்தான்.

19ஆம் நூற்றாண்டு முகப்புப் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். இன்னார் இயற்றியது, இன்னார் கேட்டுக்கொண்டபடி, இன்னார் பார்வையிட்டு, இன்னார் பொருளுதவியால், இன்னாரது அச்சுக்கூடத்தில் என்று ஐந்தாறு பெயர்கள் அடுக்கியிருக்கும். நூலகப் பட்டியல் போட்டவர் அவசரத்தில் பொருளுதவி செய்தவரையோ பார்வையிட்டவரையோ ஆசிரியராக ஏற்றியிருக்க வாய்ப்புண்டு. அப்புறம் ஒரே பெயருள்ள ஜமீன்தாரும் புலவரும் ஒருவராகிவிடுவார்கள். முகப்பை அடுத்து வரும் சிறப்புப்பாயிரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். வெறும் புகழ்ச்சி என்று எல்லோரும் தள்ளிவிடும் அந்தப் பாட்டுகளின் தலைப்பில்தான் ஆளின் ஊர், தகப்பனார், ஆசிரியர், உடன் படித்தவர் எல்லாம் இருக்கும்.

நேரில் போக வேண்டிய இடங்கள் என்றால் சென்னையில் எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். எங்கே போனாலும் அடையாள அட்டை, அதன் நகல், பாஸ்போர்ட் அளவு படம், நீங்கள் யாருக்காக இதைச் செய்கிறீர்கள் என்று மலர்க் குழுவோ கல்லூரியோ தந்த கடிதம், ஒரு பென்சில். பழைய தாள் பக்கத்தில் பேனாவை எடுத்தால் முறைப்பார்கள், நியாயம்தான். நேரமும் நகல் கட்டணமும் இடத்துக்கு இடம் வேறு, அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கைப்பேசியில் படமெடுக்க விடுவார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள், பட்ஜெட் அதைப் பொறுத்தே இருக்கும்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: கேட்ட கோப்பு அன்றே கைக்கு வரும் என்று நம்பி அன்றிரவே திரும்ப டிக்கெட் போடாதீர்கள். அதேபோல் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உண்மையில் பெரிய செலவு நகலில் இல்லை, தங்குவதில்தான் இருக்கிறது, அதனால் நூல் எண்களை எல்லாம் வீட்டிலிருந்தே இணையப் பட்டியலில் குறித்துக்கொண்டு போனால் பாதிச் செலவு மிச்சம்.

20ஆம் நூற்றாண்டு ஆளாக இருந்தால் இறப்புப் பதிவு உதவும். பதிவாளரிடம் மனுப் போட்டுத் தேடச் சொல்லலாம். தேடும் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் ஏறும் என்பதால் "1940 முதல் 1960 வரை" என்று போய் நிற்காமல், நாளிதழ் இரங்கல் செய்தியோ நினைவு நாள் அழைப்பிதழோ பார்த்து ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போங்கள். வில்லங்கச் சான்றுக்கும் இதே கதை.

கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதுவோர் எந்தத் திருச்சபை என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் இடமே அதைப் பொறுத்து மாறும். வேதநாயகம் என்ற பெயரைப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயர் என்ற பாதிரியாரிடம் படித்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய சீர்திருத்தச் சபைக்காரர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர், முன்சீப், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் அவருடையவை. இருவரும் காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள், இருவரும் கீர்த்தனை எழுதியவர்கள், 38 ஆண்டுகள் ஒரே காலத்தில் உயிரோடு இருந்தவர்கள். ஆண்டை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது, சபையை வைத்து ஒரு நொடியில் பிரிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை, சாஸ்திரியாரின் தகப்பனார் பெயர் தேவசகாயம் பிள்ளை. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட திருவிதாங்கூர் தேவசகாயம் பிள்ளை முற்றிலும் வேறு ஆள், 1752இலேயே கொல்லப்பட்டவர், சாஸ்திரியாரோ பிறந்தது 1774இல். ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் அடுத்ததில் காலை விடும் இடம் இது.

6. ஆவணமே இல்லாத காலம் என்றால்

இங்கே புதியவர்கள் அதிகம் மெனக்கெட வேண்டாம். அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் ஒருவரல்லர் என்பதற்குச் சான்று அவர்களின் மொழிநடைதான். நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனாரும் அப்படியே. நீங்களாக முடிவெடுக்காமல் ஆய்வாளர்கள் பிரித்ததைப் பின்பற்றி, யாரைப் பின்பற்றினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கல்வெட்டில் "கோப்பரகேசரி" என்று மட்டும் கண்டால் அது பெயரல்ல, சோழர்கள் மாறி மாறிப் புனைந்துகொண்ட பட்டம். முன்னால் வரும் அடைமொழியைப் பாருங்கள். "மதிரை கொண்ட" என்றால் முதலாம் பராந்தகன், "பாண்டியன் தலைகொண்ட" என்றால் ஆதித்த கரிகாலன். அடைமொழி இல்லை, ஆட்சியாண்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் எந்த அரசன் என்று எழுதாதீர்கள்.

7. தெருப் பெயர், பூங்கா, சிலை

"எங்கள் ஊர்த் தெரு இன்னாருடைய பெயரில் இருக்கிறது" என்று எழுதுமுன் எந்த இன்னார் என்று கேளுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயராகவும் இருக்கலாம், புகழ்பெற்ற புலவரின் பெயராகவும் இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்க வேண்டியது பெயர் சூட்டிய மன்றத் தீர்மானத்தின் நகல். "யார் பெயர்?" என்று கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், தீர்மான நகலைக் கேட்டால் தேடியாக வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. ஆக மலர் வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்னாலேயே மனுவைப் போட்டுவிடுங்கள்.

8. படம்

இணையத்தில் பெயரைப் போட்டால் வரும் முதல் படத்தை எடுக்காதீர்கள். கட்டுரை கலந்த இடத்தில் படமும் கலந்துதான் கிடக்கும். படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போட்டு, எந்த அச்சு நூலில் முதலில் வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். அச்சு மூலம் கிடைக்காவிட்டால் படம் போடாமல் விடுவதே நல்லது, மலர்க் குழுவில் சண்டை வரும், வரட்டும்.

9. எழுதும்போது

முதல் வரியிலேயே ஊரும் அடைமொழியும் ஆண்டும் வந்துவிட வேண்டும். "பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), நட்டுவனார்" என்று தொடங்கிவிட்டால் அடுத்து வருபவருக்குச் சந்தேகமே வராது. அடியில் ஒரு வரி: இவர் வேறு, மகாவித்துவான் வேறு. உள்ளே போகப் போகச் சுருக்கமாக "பிள்ளை அவர்கள்" என்று எழுதும் ஆசை வரும், அதே கட்டுரையில் இன்னொரு பிள்ளை தலைகாட்டினால் அதைச் செய்யாதீர்கள். மேற்கோள் எடுத்த இடத்தில் பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும். மகாவித்துவானைப் பற்றி என்றால் உ.வே.சா. 1933–34இல் இரண்டு பாகமாக எழுதிய சரித்திரம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் யாரோ அதிலிருந்து எடுத்ததை எடுத்து எழுத வேண்டாம்.

விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் அதன் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒவ்வொருவருக்கும் தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆட்கள் ஓர் எண்ணில் கிடந்தால் உடனே பிரிக்க உட்காராமல், முதலில் உரையாடல் பக்கத்தில் உங்கள் சான்றுகளைப் போட்டு ஒரு வாரம் பொறுங்கள், யாராவது வந்து பார்ப்பார்கள். நூலகப் பட்டியலில் பிழை கண்டால் முகப்புப் பக்கப் படத்தையும் பட்டியல் எண்ணையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். படம் இல்லாமல் "இது தவறு" என்று மட்டும் எழுதிய கடிதங்களை யாரும் மதிப்பதில்லை.